அட்டாமியில் ஒரு ராத்திரி

ஜப்பான்காரர்களுக்கு வெந்நீர் ஊற்று என்றால் நமக்குக் குற்றாலம் மாதிரி. எரிமலைகள் நிறைந்த தேசம். பூமிக்கடியிலிருந்து சுடச்சுட வரும் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, பக்கத்திலேயே விடுதி கட்டிவிடுவார்கள். 'ஒன்ஸென்' என்று பெயர். குளித்துவிட்டு, விடுதியில் கொடுக்கும் பருத்தி அங்கியைச் சுற்றிக்கொண்டு, பாய் விரித்த அறையில் சாப்பிட்டுத் தூங்கலாம். டோக்கியோவுக்குத் தென்மேற்கே கடலோரத்தில் இருக்கும் அட்டாமி இதற்குப் பேர்போனது.

அந்த அட்டாமியில் ஒரு வயதான தம்பதி தூங்க முடியாமல் புரளும் ராத்திரியை யாசுஜிரோ ஓஸு படமாக்கியிருக்கிறார். படம் 'டோக்கியோ ஸ்டோரி', 1953. 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 2012-ல் உலகத்து டைரக்டர்களிடம் ஓட்டெடுப்பு நடத்தியபோது முதலிடம் பிடித்தது. அதற்காகப் பயந்துவிடாதீர்கள். கதை நம் வீட்டுக் கதைதான்.

ஓனொமிச்சி என்கிற சின்ன ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். மூத்தவன் டாக்டர். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்றிக் காட்டக் கிளம்பும்போது நோயாளி வீட்டிலிருந்து ஆள் வருகிறது. மகள் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். அவளுக்கும் நேரமில்லை. அண்ணனும் தங்கையும் பேசிப் பணம் போட்டு, பெற்றோரை அட்டாமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இங்கே வைத்துக்கொண்டாலும் செலவுதானே என்று ஒரு கணக்கு.

கடல் தெரியும் அறை. குளியல் பிரமாதம். ராத்திரிதான் வினை. பக்கத்தில் சீட்டாட்டம் மாதிரி மாஜோங் ஆட்டம், கீழே பாட்டு, கும்மாளம். கிழவர்கள் விசிறியபடி விழித்துக் கிடக்கிறார்கள். ஓஸுவின் கேமரா வழக்கம்போல பாயில் உட்கார்ந்தவர் கண் உயரத்தில், அசையாமல். மறுநாள் காலை கடற்சுவர்மேல் இரண்டு பேரும் உட்கார்ந்து, இது சிறுசுகளுக்கான இடம், ஊருக்குப் போகலாம் என்று முடிவெடுக்கிறார்கள். எழுந்திருக்கும்போது அம்மாவுக்கு லேசாகத் தலை சுற்றுகிறது. அவ்வளவுதான். பின்னணி இசை அலறவில்லை. ஆனால் உங்களுக்கு வயிற்றில் என்னவோ செய்யும்.

நம் சினிமாவில் பிள்ளைகளால் நோகும் அப்பா என்றால் 'வியட்நாம் வீடு' (1970) சிவாஜி மாதிரி பொருமித் தீர்ப்பார். நாமும் அழுதுவிட்டு, 'நாம் அப்படியில்லையப்பா' என்று நிம்மதியாக வீட்டுக்கு வரலாம். ஓஸு அந்த நிம்மதியைத் தருவதில்லை. இவர் படத்தில் வில்லன் இல்லை. டாக்டருக்கு நோயாளி நிஜம். மகளுக்குக் கடை நிஜம். விடுதிகூட நல்ல விடுதி. தப்பு ஒன்றுதான்: கூட இருக்கவேண்டிய இடத்தில் காசைக் கொடுத்துவிட்டார்கள்.

இதைத் திருக்கோஷ்டியூர்ப் பக்கம் திரையிட்டால் சப்டைட்டில் வேண்டாம். செட்டிநாட்டில் முற்றம் முற்றமாக நீளும் வீட்டில் ஒரே ஒரு விளக்கு எரியும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. கானாடுகாத்தானில் ஓர் அப்பா தன் மகளுக்காகக் கட்டிய வீடு, 'விசாலம்' என்று அவள் பெயரிலேயே இன்று ஹோட்டல். உபசாரத்துக்குக் குறையில்லை. விருந்தாளிகள்தான் வேறு.

திருக்கோஷ்டியூருக்கு விருந்தாளி விஷயத்தில் பழைய கதை ஒன்று உண்டு. திருக்கோஷ்டியூர் நம்பியிடம் மந்திரம் கேட்க ராமானுஜர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார். கதவுக்கு வெளியே நின்று 'நான் வந்திருக்கிறேன்' என்றபோதெல்லாம் திருப்பி அனுப்பினார் நம்பி. 'அடியேன்' என்றதும் கதவு திறந்தது. ஓஸு படத்தில் தலைகீழ். வந்தவர்களிடம் 'நான்' கிடையாது. கதவைத் திறக்கவேண்டியவர்களிடம்தான் என் கடை, என் நோயாளி, என் மீட்டிங்.

ஒரு கதவு மட்டும் திறக்கிறது. போரில் இறந்த மகனின் விதவை நொரிகோ (செட்சுகோ ஹரா). ஒண்டுக்குடித்தன அறை. அட்டாமியிலிருந்து திரும்பிய அம்மா அங்கேதான் நிம்மதியாகப் படுக்கிறாள். மருமகள் அநியாயத்துக்கு நல்லவளாக இருக்கிறாளே என்று உறுத்தும். அதற்கும் ஓஸு கடைசியில் பதில் வைத்திருக்கிறார். 'நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை' என்கிற மாதிரி மாமனாரிடம் அவளே சொல்லிவிடுகிறாள். படத்தின் சிறந்த காட்சி அதுதான்.

136 நிமிஷம். மெதுவாகத்தான் போகும். பொறுமையாகப் பாருங்கள். முடிந்ததும் அப்பா அம்மாவுக்குக் காசி டூர் புக் பண்ணத் தோன்றினால் தாராளமாகப் பண்ணுங்கள். டிக்கெட் மட்டும் மூன்றாக எடுங்கள்.