மீரியபெத்தையில் சரிந்தது மலை மட்டுமா?

2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுள் புதைந்தன. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் சிலர் திரும்பியபோது, வீடிருந்த இடம் சேற்றுவெளியாகக் கிடந்தது. முதலில் ஏறத்தாழ இருநூறு பேரைக் காணவில்லை என்றனர். பின்னர் அத்தொகை நாற்பதுக்கும் கீழே இறங்கியது. கொழுந்தின் நிறையை நாள்தோறும் தவறாமல் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு, அதைப் பறித்தவர்களின் தலைகளை எண்ணித் திட்டமாகச் சொல்ல இயலாமல் தடுமாறியது.

துயரத்தின் சூடு ஆறுமுன்பே ஒரு நியாயம் பரப்பப்பட்டது: முன்னரே எச்சரித்தோம், அவர்கள்தாம் வெளியேறவில்லை என்று. எச்சரித்தது உண்மை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் ஆபத்தைச் சுட்டிக்காட்டியது. அதன் விஞ்ஞானிகளை நாம் குறைகூறவில்லை. ஆனால், வெளியேறு என்ற சொல்லுக்குப் பின்னே எங்கே என்ற கேள்வி நிற்கிறதே, அதற்கு விடையளித்தவர் யார்? மண் அரசினுடையது, 1992 முதல் நிருவாகம் கம்பெனிகளுடையது. லயக் காம்பிராவோ வேலையோடு பிணைந்தது. வேறிடத்தில் ஒரு குடிசை போடவும் துண்டு நிலமற்றவன், மறுநாள் காலையில் பிரட்டுக்கு நிற்க வேண்டியவன், கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த மலைக்குப் போவான்?

திட்டமிடல் பற்றிப் பேசுவோர் இங்கே ஒரு சட்டத்தையும் நோக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது திருத்தப்பட்டது 2018இல்தான். அதாவது, மலை சரிந்த வேளையில் தோட்டத்து மக்கள் வாக்களித்த சபைக்கே அவர்களுடைய பாதையையும் வடிகாலையும் சீர்செய்யத் தாராளமான உரிமையில்லை. நீர் வழிந்தோட வழியற்ற சரிவில் மழை உள்ளிறங்கி மண்ணைத் தளர்த்துவது இயற்கை. அந்தச் சரிவின் அடியில் மனிதரைக் குடியிருத்தியது இயற்கையன்று. தேயிலைக்கு எது வசதியோ அதுவே வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் லயத்துக்கு மனையாயிற்று. துரைமார் போயினர், மனை மாறவில்லை.

உயிர் தப்பியோரிற் பலர் பூனாகலைப் பகுதியின் மாகல்தெனியத் தேயிலைத் தொழிற்சாலையில் நெடுங்காலம் தங்கவைக்கப்பட்டனர். இயந்திரம் ஓய்ந்த கூடத்தில் துணித்திரைகளே குடும்பங்களுக்குச் சுவராயின! 2016இல் 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. தனித்தனி வீடு, மண்ணின் உறுதியைச் சோதித்துத் தெரிந்த இடம். இவை நல்ல மாற்றமே, மறுப்பதற்கில்லை. எனினும், 75 வீடு கட்ட ஏறத்தாழ இரண்டாண்டு ஆனதென்றால், ஆபத்தான சரிவுகளில் எஞ்சியுள்ள லயங்கள் அனைத்தையும் அகற்ற எத்தனை தலைமுறை ஆகும்? வீடமைப்பில் அப்போது வழக்கமாயிருந்த 7 பேர்ச்சஸ் நிலத்தில் வீடு நிற்கும். மாட்டுக் கொட்டிலும் மரக்கறிப் பாத்தியும் நிற்குமா? மலையகத்து வீட்டுத் திட்டங்கள் பலவற்றில் சாவி கைக்கு வந்த பின்னும் காணி உறுதி ஆண்டுக்கணக்கில் வந்து சேரவில்லை. உறுதி கேட்பவனை நன்றி கெட்டவன் என்று பார்க்கும் பார்வை நம் படித்தவர்களிடமும் உண்டு.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டத்தில் மீண்டும் சரிவுகள், மீண்டும் சாவுகள், மீண்டும் முகாம்கள். ஆபத்துள்ள லயங்களின் பட்டியல் வெளியாகும்போதெல்லாம், அதன் பக்கத்திலேயே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒதுக்கிய காணியின் எண்ணும் அச்சாக வேண்டும். அந்தப் பத்தி வெறுமையாக உள்ளவரை எச்சரிக்கைக் கடிதத்தை யாருடைய முகவரிக்கு அனுப்புவது?