உள்ளமை ஆன்டெனா மாட்யூல்: ஒரு மதிப்பீடு

கம்பியில்லா உணரிப் பலகை செய்வோர் பலரும் முதலில் நாடுவது, ஆன்டெனாவையும் தன்னிடமே கொண்ட சிறிய மாட்யூலைத்தான். எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இ.எஸ்.பி.32-வ்ரூம்-32 இவ்வகையில் பரவலானது. 18 மி.மீ. அகலமும் 25.5 மி.மீ. நீளமும் கொண்ட இதன் ஒரு முனையில் வளைந்து செல்லும் செப்புக்கோடே ஆன்டெனா. பொருத்துவது எளிது, தொடங்குவோர்க்கு நல்ல தேர்வுதான்.

ஆனால் விலையைப் பார்க்கும் அளவுக்கு, அது உட்காரும் இடத்தை எவரும் பார்ப்பதில்லை. அருகிலுள்ள செம்பும் பேட்டரியும் ஆன்டெனாவின் இசைவைக் கெடுக்கும். ஆன்டெனா முனை பலகையின் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்க வேண்டும், இயலாவிட்டால் சுற்றிலும் 15 மி.மீ. இடமாவது காலியாக இருக்க வேண்டும் என்கிறது தயாரிப்பாளரின் வழிகாட்டி. பலகையின் நடுவில் ஒட்டிவிட்டு மாட்யூலைக் குறை சொல்வது நியாயமன்று.

மாதவரத்தில் சிக்கல் வேறு. கன்டெய்னர் கிடங்குகளும் தகரக் கொட்டகைகளும் உள்ள பகுதி இது. இரும்புப் பெட்டிக்குள் மூடிய மாட்யூலின் அலை வெளியே வராமல் தடைபடும். செப்புக்கோட்டை மட்டும் பிரித்து வெளியே வைக்கவும் வழியில்லை. இங்கு 32யு வகையே பொருந்தும். செப்புக்கோடு இல்லாததால் அதன் நீளம் 19.2 மி.மீ.தான், சிறு இணைப்பானில் கம்பி மாட்டி, ஆன்டெனாவைப் பெட்டிக்கு வெளியே நிறுத்தலாம். பிளாஸ்டிக் பெட்டியென்றால் முதல் வகையே போதும். உப்புக்காற்றில் அது துருப்பிடிக்காது என்பதும் ஒரு வசதி.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. அத்தகைய இடத்தில் வைக்கும் வாயு உணரி, கசிவை உணர்ந்தும் செய்தி அனுப்ப முடியாமல் நின்றால், ஆன்டெனாவில் மிச்சம் பிடித்த காசு வீண். பெட்டியை மூடி, சுவரில் பொருத்திய பிறகே சோதிக்க வேண்டும். மேசைமேல் திறந்து வைத்துக் கிடைக்கும் சிக்னல் கணக்கில் சேராது.