‘படிப்பு ஏறல’: ஜே.பி. தாஸை முன்வைத்து

‘படிப்பு ஏறலீங்க, பனியன் கம்பெனிக்கு அனுப்பிட்டோம்.’ எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் திருப்பூரில் எத்தனையோ பிள்ளைகளைக் கைமடியாக்கிய வாக்கியம் இது. ஏறாததற்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையே அது எழவிடாது. குற்றவாளி குழந்தையின் மண்டை; தீர்ப்பு முடிந்தாயிற்று. இத்தகைய தீர்ப்புகளுக்கு விஞ்ஞான முத்திரை குத்தித் தந்தது ஐ.க்யூ. என்கிற எண். அதில் சாதிக்கும் ஆரம்பத்திலேயே இடம் உண்டு: தென்னிந்தியப் பிராமண, பஞ்சமக் குழந்தைகளைப் பலகையில் கட்டைகள் பொருத்தவைத்து ஒப்பிட்ட ஹெரிக்கின் கட்டுரை, அமெரிக்க இதழொன்றில் 1921இலேயே வெளிவந்துவிட்டது.

அந்த முகாமுக்குள் பயின்று அதற்கெதிராகப் பேசியவர் ஜே.பி. தாஸ். (ஒடியக் கவிஞர் ஜே.பி. தாஸ் வேறு ஆள்.) ஒடிசாவில் 1931இல் பிறந்து, லண்டனில் ஐசெங்கிடம் 1957இல் முனைவர் பட்டம் பெற்றவர். இனத்தையும் அறிவையும் முடிச்சுப்போட்டு 1971இல் புத்தகம் எழுதினாரே, அதே ஐசெங்க். அமெரிக்காவில் ஜென்சனோ, மனப்பாடம் கீழ்ப்படி, யோசனை மேல்படி, ஏழைப் பிள்ளைகள் கீழ்ப்படியோடு நின்றுவிடுகிறார்கள் என்ற ரீதியில் எழுதிக்கொண்டிருந்தார். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து கிர்பி, ஜார்மனோடு சேர்ந்து தாஸ் 1975இல் எழுதிய கட்டுரை இந்தப் படிக்கட்டைத்தான் இடிக்கிறது. மூளைக் காயம்பட்டவர்களை ஆராய்ந்த சோவியத் அறிஞர் லூரியாவிடமிருந்து அவர் எடுத்துக்கொண்டது இது: பலவற்றை ஒருசேரப் பிடிப்பது ஒரு வினை, ஒன்றன்பின் ஒன்றாகக் கோப்பது இன்னொரு வினை. இரண்டில் உசத்தி தாழ்த்தி கிடையாது. பின்னால் திட்டமிடலும் கவனமும் சேர்ந்து நான்காயின.

கட்டிங் மாஸ்டர் அளவு அட்டைகளைத் துணிமேல் பரப்பி, வேஸ்ட் விழாதபடி கண்ணாலேயே அடுக்குகிறாரே, அது முதல் வினை. டெய்லர் கேட்குமுன் கையையும் கழுத்தையும் வரிசை பிசகாமல் எடுத்துத்தரும் கைமடிப் பையன் செய்வது இரண்டாவது. எழுத்துக்கூட்டி வாசிக்கவும் அந்த இரண்டாவதுதான் பெரிதும் வேண்டும். வாசிக்கத் தடுமாறும் குழந்தையை மந்தம் என்று ஒதுக்காதே, எந்த வினை இடறுகிறதென்று பார், அதைப் பழக்கு என்றார் தாஸ். அதற்கென்று பயிற்சித் திட்டமும் வகுத்தார். நம் அறிவொளிக்காரர்கள் இவரைப் படித்திருக்க வேண்டும்.

ஆனாலும் தாஸோடு எனக்கு வழக்கு உண்டு. 1997இல் நாக்லியேரியோடு அவர் வெளியிட்ட சோதனை, மறுபடியும் நூறைச் சராசரியாக வைத்து ஒரு மொத்த மதிப்பெண் தருகிறது. இடித்த படிக்கட்டைத் தானே கட்டிக் கொடுத்த மாதிரி! ஒடிசாவில் சாதியையும் வசதியையும் தனித்தனியே பிரித்துப் பார்த்து ஆய்வு செய்தவருக்கு இது தெரியாததல்ல. ஷிப்மென்ட் அவசரத்தில் ஒன்றரை ஷிப்டு நின்றுவிட்டு வந்த பிள்ளை காலையில் வகுப்பில் தூங்கி வழிந்தால், அவர் சோதனை அதைக் ‘கவனம்’ என்ற கட்டத்தில்தானே குறைத்துப் போடும்?