குமரகுருபரரின் ஐந்து வருஷ மௌனம்

அம்மை என்னைத் திருச்செந்தூருக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனபோது எனக்கு ஏழு வயசு. தூத்துக்குடி தாண்டி உப்பளங்கள் வந்ததும் கதையைத் தொடங்கினாள். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு பிள்ளைக்கு அஞ்சு வயசுவரை பேச்சே கிடையாது. பெற்றவர்கள் செந்தூர் சந்நிதியில் கிடந்து விரதமிருந்தார்கள். முருகன் வாயைத் திறந்துவிட்டான். பிள்ளை கந்தர் கலிவெண்பா பாடிற்று. 'நீயும் நல்லாப் பேசுவ பாரு மக்கா' என்று இலை விபூதியை என் நாக்கில் தடவினாள். நான் ஊமை இல்லை, திக்குவாய். இன்றைக்கும் அப்படித்தான்.

பதினேழாம் நூற்றாண்டுக் குமரகுருபரர் பற்றிய இந்தக் கதையாடல் பக்தர்களுக்கு அற்புதம். பகுத்தறிவு நண்பர்களுக்குக் கட்டுக்கதை, அதோடு முடிந்தது. ஒரு விஷயத்தில் இரு தரப்பும் ஒத்துப்போகிறார்கள்: பேச்சு வருவதற்கு முந்திய ஐந்து வருஷம் வெற்றிடம். பிள்ளை பசியை எப்படிச் சொன்னது, தாய் சிவகாமசுந்தரி எப்படிப் புரிந்துகொண்டாள், கையும் கண்ணும் என்ன பேசின என்பதற்குக் கதையில் இடமில்லை. குணமாவதற்காக மட்டுமே ஊனம் உள்ளே அனுமதிக்கப்படுகிறது. (தண்டியடிகளுக்கும் பார்வை திரும்பியே ஆகவேண்டியிருக்கிறது.)

ஆனால் கதை தன்னையறியாமல் தடயங்களை விட்டிருக்கிறது. கந்தர் கலிவெண்பாவில் மழலை கிடையாது. ஆறு அத்துவாக்கள் உட்பட சைவ சித்தாந்தம் அடர்ந்த பிரதி அது. அஞ்சு வயசில் பாடியதுதானா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். கதைக்குள் நின்றே பார்க்கிறேன். தகப்பன் சண்முகசிகாமணி ஒரு கவிராயர். வீட்டில் தமிழ் ஓடிக்கொண்டே இருந்திருக்கும், பிள்ளை ஐந்து வருஷமாக அதைக் கேட்டுக் கிடந்திருக்கும். வாய் மட்டுமே மொழி என்று நம்பியவர்களுக்குத்தான் அது திடீரென்று நடந்தது.

இன்னொரு தடயம் காசியில். முகலாய ஆட்சியாளரிடம் பேச அவருக்கு இந்துஸ்தானி தெரியவில்லை. சகலகலாவல்லி மாலை பாடி அந்த மொழியைப் பெற்றார் என்கிறது மரபு. மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழ் பாடிய வாய் அங்கே மறுபடியும் பேச்சற்று நிற்கிறது. இதை யாரும் ஊமை என்பதில்லை. நாக்கு அதே நாக்கு; சபைதான் வேறு.

நானும் சபைகளில் நின்றிருக்கிறேன். ஒரு நேர்காணலில் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரே இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். 1995ஆம் வருஷச் சட்டம் 7 வகை ஊனங்களைச் சொன்னது. பேச்சு அதில் இல்லை. 2016ஆம் வருஷச் சட்டம் 21 ஆக்கியபோது பேச்சும் சேர்ந்தது. ஆனால் குரல்வளை நீக்கம், அஃபேசியா போன்றவற்றைத்தான் பெயர் சொல்கிறது. திக்குவாய் வாசலிலேயே நிற்கிறது. 'மாற்றுத்திறனாளி' என்கிறது அரசு. நல்ல சொல்தான், ஆனால் திறமையைக் காட்டினால் மரியாதை என்ற நிபந்தனை அதில் ஒளிந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். கலிவெண்பா பாடாத ஊமைப் பிள்ளையை என்ன செய்வது?

நம்பிக்கை வேண்டும்போது நான் இரட்டைப் புலவர்களிடம் போகிறேன். ஒருவருக்குக் கண் இல்லை, ஒருவருக்குக் கால் இல்லை. பார்வையற்றவர் தோளில் முடவர். ஒருவர் எடுத்த வெண்பாவை மற்றவர் முடிப்பார். தில்லைக் கலம்பகம் பாடியவர்கள். வயிற்றுக்காக ஊர் ஊராக அலைந்தவர்கள், இதை ரொம்பவும் அழகாக்க வேண்டாம். ஆனால் அவர்களுக்குக் கடைசிவரை கண்ணும் வரவில்லை, காலும் வரவில்லை. பாட்டு மட்டும் வந்துகொண்டே இருந்தது.

சஷ்டியன்று அம்மை கலிவெண்பா வாசிக்கிறபோது நானும் கூட உட்காருவேன். இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் எனக்குத் திக்குவதில்லை. இது மருத்துவர்களுக்கும் தெரிந்த விஷயந்தான். அம்மை அதை முருகன் கணக்கில் எழுதிக்கொள்கிறாள். நான் வாதாடுவதில்லை. இப்போது வயசாகிவிட்டது, மூச்சு வாங்க நடுவில் நிறுத்துவாள். அந்தக் கண்ணியில் நான் தனியாகப் போய் மாட்டிக்கொள்வேன். முன்னெல்லாம் சட்டென்று சொல்லை எடுத்துக்கொடுப்பாள். இப்போது கொடுப்பதில்லை, ஏட்டில் விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.