பம்பின் சப்தம்

1948-ஆம் ஆண்டு லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான, அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்த மாரிஸ் மைனர் காரில், சாவியைத் திருப்பியவுடன், எஞ்சின் உயிர்பெறுவதற்கு முன்பாகவே, எஸ்.யூ. மின்சாரப் பம்பிலிருந்து 'டிக் டிக்' என்றெழும் மெல்லிய சப்தம் யந்திரப் பிரியர்களுக்குப் பேரானந்தம் தருவது. மின்காந்தம் சவ்வை இழுக்க, பின்புறத் தொட்டியிலிருந்து பெட்ரோல் ஏறிவருகிறது; சுருள்வில் அதைத் தள்ள, கார்புரேட்டரின் மிதவை அறை நிரம்பி, ஊசி வால்வு மூடிக்கொண்டதும், சப்தம் தானே அடங்குகிறது.

ஆகையால், வண்டி நடுவழியில் திணறி நின்றால், எதையும் கழற்றுமுன், நாடி பார்க்கும் வைத்தியரைப்போல் இந்தச் சப்தத்துக்குச் செவிகொடுப்பதே உத்தமம். ஓயாமல் படபடத்தால், தொட்டி வறண்டிருக்கும். அல்லது பம்புக்கு முந்திய குழாயில் காற்று புகுந்திருக்கும். மௌனந்தான் ஸூக்ஷ்மமானது. கார்புரேட்டரில் குழாயின் இணைப்பைத் தளர்த்தியதும் (எஞ்சின் ஆறியிருக்கவேண்டும், அருகில் நெருப்பு கூடாது) பம்பு உற்சாகமாக ஒலித்துப் பெட்ரோலைப் பீச்சினால், ஊசி வால்வு மூடியபடியே ஒட்டிக்கொண்டது என்று அறியலாம். அப்போதும் ஊமையாயிருந்து, லேசாகத் தட்டியபின் விழித்துக்கொண்டால், கருகிய காண்டாக்ட் பாயின்டுகளே பெரும்பாலும் காரணம். இவ்வளவு சுலபமாகத் தன் நோயைச் சொல்லும் யந்திரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

பம்பு குற்றமற்றதாயிருந்தும், சிறிது தூரம் ஓடி நின்று, இளைப்பாறியபின் மறுபடி ஓடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் தொட்டி மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உட்புகுந்தால், மூடியின் சுவாசத் துளை அடைபட்டிருக்கிறது.