ரூகர் 10/22: விளிம்பின் குணமும் குற்றமும்

என்.சி.சி.யில் ஓராண்டேனும் காக்கி அணிந்தவர்களுக்கு .22 ரைபிளை அறிமுகம் செய்துவைக்க வேண்டிய அவசியமில்லை. மைதானத்தில் குப்புறப் படுத்து, ஹவில்தாரின் அதட்டலுக்கு நடுவே மூச்சை அடக்கி, இருபத்தைந்து கெஜத்துக்கு அப்பால் நட்டிருந்த காகிதத்தின்மேல் குறிமுள்ளைப் பொருத்திய கணத்தோடு பெரும்பாலோருக்குத் துப்பாக்கியின் சகவாசம் முடிந்துபோகிறது. டெக்ஸாஸில் கொஞ்சம் நிலம் வாங்கிக் கத்தரியும் வெண்டையும் போட்டு, விளைந்ததில் பாதியை முயலுக்கும் ஆர்மடில்லோவுக்கும் தானம் செய்யும் நிலைக்கு வந்துவிட்ட என்போன்றவர்களுக்கு அந்தச் சகவாசம் மீண்டும் தளிர்க்கிறது. அப்போது அண்டை அயலார் அனைவரும் ஏகமனதாகச் சிபாரிசு செய்வது ரூகர் கம்பெனியின் 10/22 என்னும் ரைபிளையே.

1964ஆம் ஆண்டு முதல் விற்பனையில் இருப்பது. சுமார் ஐந்து பவுண்டு எடை. ஒருமுறை விசையை அழுத்தினால் ஒரு தோட்டா வெடித்து, அடுத்தது தானே ஏறிக்கொள்ளும். இந்த விவரங்களை எந்தக் கடைக்காரரும் மனப்பாடமாக ஒப்பிப்பார். பல மாதங்கள் இதனோடு பழகிய பிறகு எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் வேறு: இந்த ரைபிளின் குணம், குற்றம், பிரயோஜனம், எல்லை ஆகிய யாவும் அதற்குள் போகும் தோட்டாவின் அடிவிளிம்பில் அடங்கியிருக்கின்றன.

பெரிய ரைபிள்களின் தோட்டாக்களில், பிரைமர் என்னும் தீமூட்டும் கலவை அடிப்பாகத்தின் நடுவே தனியொரு சிறு கிண்ணத்தில் வீற்றிருக்கும். 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனியார் வெளியிட்ட .22 லாங் ரைபிள் தோட்டாவிலோ, பித்தளைக் கூட்டின் அடியில் மடிந்து நிற்கும் விளிம்பே அந்தக் கலவைக்கு உறைவிடம். ஈரமான கலவையைச் சிறிதளவு இட்டுக் கூட்டை வேகமாகச் சுழற்ற, அது விளிம்பின் உட்புறமெங்கும் பரவிப் படிகிறது. ரைபிளின் ஊசி விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றுகிறது. நசுங்க வேண்டுமானால் பித்தளை மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய பித்தளை அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆகவே மருந்தும் குறைவு, வேகமும் குறைவு, உதையும் குறைவு. ஒருமுறை நசுங்கிய கூட்டை வீட்டிலே மறுபடி நிரப்பிக்கொள்ளவும் நடைமுறையில் வழியில்லை. 2013இல் இத்தேசமெங்கும் கடைகளின் அலமாரிகளிலிருந்து .22 தோட்டா மாயமாய் மறைந்தபோது, பெரிய தோட்டாக்காரர்களிற் பலர் பழைய கூடுகளை நிரப்பிச் சமாளித்தார்கள். விளிம்புத் தோட்டாக்காரர்கள் கைகட்டி நின்றார்கள்.

சுழற்சியில் கலவை ஓரிடத்தில் படியாமல் போயிருந்து, ஊசி சரியாக அந்த இடத்திலேயே விழுந்தால், 'டிக்' என்றொரு சத்தம் கேட்கும், அவ்வளவுதான். மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிய மொத்தப் பெட்டியொன்றில் இந்த மௌன விரதம் பூண்ட தோட்டாக்கள் எனக்கு வேண்டிய மட்டும் வாய்த்தன. உடனே திறந்து பார்க்கலாகாது. தாமதமாகத் தீப்பற்றும் தோட்டாவும் உண்டாகையால், குழலை மண்மேட்டின் பக்கமாகவே வைத்துக்கொண்டு அரை நிமிஷம் பொறுத்திருப்பதுதான் முறை. அந்த அரை நிமிஷத்தில் முயல் அவசரம் சிறிதுமின்றி வேலிக்கு அப்பால் போய்விடும். வெளியே எடுத்த தோட்டாவைச் சற்றே திருப்பி மறுபடி இட்டால், ஊசி விளிம்பின் வேறிடத்தில் விழுந்து பெரும்பாலும் ஒழுங்காக வெடித்துவிடுகிறது என்பது எனக்கு ஆறுதலைவிட எரிச்சலையே அதிகம் தந்தது.

நியாயத்தைச் சொல்வதானால், இந்த விளிம்பினால் விளையும் மற்றொரு தொல்லையை ரூகரார் தீர்த்துவைத்திருக்கும் சாமர்த்தியம் அபாரமானது. துருத்திக்கொண்டிருக்கும் விளிம்புகள், தோட்டாக்களை அடுக்கிவைக்கும் சாதாரண மேகசினுக்குள் ஒன்றன்மேலொன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். 10/22இன் மேகசினுக்குள்ளோ ஒரு சிறு உருளை சுழல்கிறது. பத்துத் தோட்டாவுக்கும் தனித்தனிப் பள்ளம். ஒன்றின் விளிம்பு மற்றொன்றோடு சண்டைக்குப் போக இடமேயில்லை. கட்டைவிரலால் அழுத்த அழுத்த உருளை நகர்ந்து அடுத்த தோட்டாவுக்கு இடம்விடும் அந்த நயத்துக்காகவே, சுடாத நாட்களிலும் அதை நிரப்பிக் காலிசெய்து கொண்டிருக்கத் தோன்றும். அறுபது ஆண்டுகளாக இந்த ரைபிள் நிலைத்திருப்பதற்கு இதுவே தலையாய காரணம் என்பது என் துணிபு.

இத்தனை நயமாய் மேகசினை அமைத்தவர்கள், கடைசித் தோட்டா வெடித்தபின், குழலின் பின்வாயை மூடும் போல்ட்டைத் திறந்தபடியே நிற்கச் செய்யவில்லை. அது ஒவ்வொரு முறையும் மூடிக்கொண்டுவிடும். காலியான ரைபிளும் நிரம்பிய ரைபிளும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. மேகசினைக் கழற்றினாலும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதை வீட்டில் குழந்தைகள் உள்ளவர்கள் மறக்கவே கூடாது. போல்ட்டை இழுத்துக் கண்ணாலும் விரலாலும் சோதித்த பிறகே இரும்புப் பெட்டிக்குள் வைப்பது வழக்கமாக வேண்டும்.

இனித் தூரம். ஐம்பது கெஜத்துக்குக் குறி சரிசெய்து வைத்தால், நூறு கெஜத்தில் குண்டு ஏறக்குறைய அரையடி தாழ்ந்து விழும். மணிக்குப் பத்து மைல் வேகத்தில் குறுக்கே காற்று வீசினால் நாலைந்து அங்குலம் ஒதுங்கியும் போகும். டெக்ஸாஸில் காற்று வீசாத நாளுக்கு எங்கே போவது? விநாடிக்கு 1,200 அடி பாயும் வேகத் தோட்டாவைவிட, ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைந்து 1,070 அடி போகும் நிதானமான தோட்டா காற்றில் குறைவாகவே ஒதுங்குகிறது என்பது, வேகமே பலம் என்று நம்புகிறவர்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஒலியின் வேகத்தைக் கடந்து இறங்கும் குண்டைக் காற்று அதிகமாகத் தடுப்பதே காரணம். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற ஐம்பது மீட்டர் ரைபிள் போட்டியும் இந்த .22 தோட்டாவைக் கொண்டு நடப்பதுதான். அங்கே பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். ஆனால் அவர்கள் தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தோட்டாவைச் சோதித்துப் பொறுக்கி எடுக்கிறார்கள். நாமும் மொத்தப் பெட்டிக்கு ஆசைப்படாமல், நாலைந்து ரகங்களில் சிறு பெட்டிகளை வாங்கி, எதை இந்த ரைபிள் விரும்புகிறதென்று காகிதத்தில் பார்த்துக்கொள்வது உத்தமம்.

முயலுக்கு இது போதும். டெக்ஸாஸில் முயல் வேட்டைக்கு ஆண்டு முழுவதும் தடையில்லை, உரிமம் மட்டும் வேண்டும். கிழக்கு டெக்ஸாஸில் அணில் வேட்டைக்கும் இதுவே பிரசித்தம். அந்த அணில்களின் முதுகில் ராமபிரான் இட்ட கோடுகள் இல்லைதான். ஆயினும் எனக்குக் கை எழவில்லை. ஆர்மடில்லோ விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும்: 2015இல் காஸ் கவுண்டியில் ஒருவர் கைத்துப்பாக்கியால் சுட்ட குண்டு, அந்த ஜந்துவின் ஓட்டில் பட்டுத் திரும்பி அவருடைய தாடையையே பதம் பார்த்தது. மென்மையான ஈயக்குண்டும் கல்லிலும் தண்ணீரிலும் பட்டால் நினையாத திசையில் தெறிக்கும். காட்டுப்பன்றிக்கு இது ஆயுதமே அல்ல. நிலத்துக்காரரின் சம்மதத்தோடு தனியார் நிலத்தில் பன்றி வேட்டையாட 2019 செப்டம்பர் முதல் உரிமமே தேவையில்லை என்பது உண்மை, ஆனால் பெரிய ரைபிள்களில் போடும் .223 தோட்டாவின் சக்தியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இதற்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு பன்றியைச் சுடுவது, காயப்பட்ட பிராணியைப் புதருக்குள் துன்புற அனுப்புவதாகவே முடியும். மானை விளிம்புத் தோட்டாவால் சுடுவதைச் சட்டமே தடுக்கிறது.

சிறியதென்று அலட்சியம் செய்கிறவர்கள் தோட்டாப் பெட்டியின்மேல் உள்ள எச்சரிக்கையைப் படிக்கட்டும்: குண்டு ஒன்றரை மைல் வரை செல்லக்கூடும். பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் விசையைத் தொடலாகாது.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லத்தக்க வேட்டை உரிமம் உடையவர்களுக்கு விலக்கு உண்டு. பணத்தை எடுத்து வைக்குமுன் வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நலம். நியூ ஜெர்ஸியில் ரைபிள் வாங்கவே போலீஸாரிடம் தனி அடையாள அட்டை பெற வேண்டும். கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதி நண்பர்களின் சங்கடம் வேறு வகை: காண்டோர் கழுகுகள் ஈய விஷத்தால் மாள்வதைத் தடுக்கும் பொருட்டு, அந்த மாநிலத்தில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயக்குண்டு கூடாது. அந்தச் சட்டத்தின் நோக்கத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஈயமில்லாத .22 தோட்டாவில் ரகங்கள் சொற்பம், விலை அதிகம். செம்புக் குண்டோ ஈயக்குண்டின் எடையில் ஏறக்குறைய பாதி. அங்குள்ளவர்கள் காகிதத்தைச் சுடுவதற்கென்றே இதை வாங்கலாம். அதற்கு ஈயம் இன்னும் செல்லும்.