கம்பெனி டயரா, கடை டயரா? பத்து வீல் லாரிகளில் பார்த்தது

"கம்பெனி டயர் ஓடாதுங்க. அது தேஞ்சப்புறம் நாமளா பார்த்து வாங்கிப் போடறதுதான் ஓடும்." நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களிடம் டயர் பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இது. புது வண்டியோடு வரும் டயரை மட்டமாகவும், அடுத்து வாங்கிய டயரை உசத்தியாகவும் பேசுவது இங்கே ஊறிப்போன வழக்கம். பிராண்டு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் இரண்டாவதாக வாங்கிக் கொண்டாடும் அதே டயர், இன்னொருவர் வண்டியில் கம்பெனியிலிருந்தே வந்து திட்டு வாங்கிக்கொண்டிருக்கும். இதைக் கவனித்த பிறகுதான் இந்த விஷயத்தைக் கருவியோடு போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

எடுத்துக்கொண்டது பத்து வீல் வண்டிகள், நம் ஊர் வழக்கில் டாரஸ். முன்னால் இரண்டு, எஞ்சின் இழுக்கும் பின்னச்சான ஹவுசிங்கில் நான்கு, இழுவை இல்லாத பின்னச்சான டம்மியில் நான்கு. கம்பெனி டயரிலேயே இன்னும் ஓடுபவை, இரண்டாவது செட் ஏறியவை, பாதி பழசும் பாதி புதுசுமாக ஓடுபவை என மூன்று வகையையும் பார்த்தேன். பட்டன் (தரையில் படும் டயர் வரி) ஆழம் அளக்கும் கேஜ், காற்று மீட்டர், அப்புறம் என் உள்ளங்கை. இவற்றில் அதிகம் சொன்னது உள்ளங்கைதான்.

முன் டயரின் பட்டன்மேல் கையை உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போய், மறுபக்கம் ரம்பம் போல விரலில் தட்டினால் சக்கரம் நேராக உருளவில்லை, பக்கவாட்டில் இழுபட்டுக்கொண்டே போகிறது என்று பொருள். சக்கரம் மீட்டருக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் கோணலாக நின்றாலும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் ஒரு மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. அதைத் தாங்க எந்த பிராண்டாலும் முடியாது. "கம்பெனி டயர் ஓடவில்லை" என்று காட்டப்பட்ட முன் டயர்களில் பெரும்பாலானவற்றில் இந்த ரம்பம் இருந்தது. ரப்பரில் கோளாறு என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை.

காரணம் வண்டி பிறக்கும் விதத்தில் இருக்கிறது. நாமக்கல்லில் பாடி கட்டும் வண்டி வெறும் சேஸிஸாக வருகிறது. ஓசூரிலிருந்து வந்தால் பரவாயில்லை. ஜாம்ஷெட்பூரிலிருந்து என்றால் 1,500 கி.மீ.க்கு மேல் காலியாக ஓடி வருகிறது. முழுச் சுமைக்கான காற்றோடு எடையே இல்லாமல் ஓடும்போது பின் டயர் தரையில் முழுதாகப் பதியாது. துள்ளும், நடுப்பட்டன் மட்டும் தேயும். பிறகு பட்டறையில் நாள்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கிறது. வெல்டிங் பொறி டயர்மேல் விழுகிறது, தின்னர் வழிகிறது. பாடி ஏறியதும் முன்னச்சின் மேல் எடை மாறுகிறது, ஸ்பிரிங் அமர்கிறது, வெறும் சேஸிஸுக்கு வைத்த அலைன்மென்ட் அதோடு கலைகிறது. அதைத் திரும்பப் பார்க்காமலே வண்டி நேராக லோடுக்குப் போகிறது. டியூ கட்ட வேண்டிய அவசரம் யாருக்கும் புரியும். ஆனால் முதல் செட் முன் டயரின் ஆயுள் குறைய ஆரம்பிப்பது அந்த முதல் லோடில்தான்.

இரண்டாவது செட்டின் கதை வேறு. அதை வாங்கும் கடையிலேயே அலைன்மென்ட் மிஷின் இருக்கிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் கொடுத்து முன் டயர் ஜோடி போடுகிறவர் அதையும் சேர்த்துச் செய்துகொள்கிறார். கிங்பின், பேரிங் ஆட்டம் இருந்தால் அப்போதே தெரிந்துவிடுகிறது. புது டயர் நேராக உருண்டு நன்றாக ஓடுகிறது, பெயர் பிராண்டுக்குப் போகிறது. பாடி கட்டி முடிந்த கையோடு அலைன்மென்ட் பார்த்த வண்டிகளில் கம்பெனி டயரே சீராகத் தேய்ந்திருந்தது. உரிமையாளர்களுக்கும் அதன்மேல் குறை இல்லை.

அதற்காகக் கம்பெனி டயர் எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. வண்டி தயாரிப்பவருக்கு, அது எந்த ரூட்டில் ஓடப்போகிறது என்று தெரியாது. ராஜஸ்தானுக்கு மார்பிள் ஏற்றப் போகிறதா, கரூர் பக்கம் கிரஷரில் ஜல்லி ஏறப்போகிறதா என்பது வாங்குகிறவருக்கு மட்டுமே தெரியும். தயாரிப்பாளர் பார்ப்பது விலை, எடை, டீசல். 12 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மத்திய அரசு 2017-ல் அறிவித்த எரிபொருள் விதிகள், 40, 60 கி.மீ. சீரான வேகத்தில் டீசல் செலவைச் சோதிக்கச் சொல்கின்றன. அந்தச் சோதனையில் தேறுவதற்கு லேசாக உருளும் டயர் உதவும். அதனால் கம்பெனி டயர் பெரும்பாலும் நான்குவழிச் சாலைக்கு ஏற்ற ரேடியலாக வருகிறது.

நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு இது நன்மை. மாதம் 10,000 கி.மீ. ஓடி, லிட்டருக்கு 4 கி.மீ. கொடுக்கும் வண்டிக்கு 2,500 லிட்டர் டீசல் ஆகும். ஆழமான பட்டன் வைத்த முரட்டு டயரைப் பின்னால் மாட்டியதால் டீசல் மூன்று சதவீதம் கூடினால் அது 75 லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் மாதம் 6,900 ரூபாய். டயர் கூடுதலாக ஓடியதில் கிடைத்த லாபத்தை டீசல் டேங்க் குடித்துவிடும். பட்டன் ஆழத்தைப் பார்த்து டயர் வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை.

குவாரி வண்டிக்கு நிலைமை தலைகீழ். ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது. கூர்க்கல் பக்கவாட்டில் கிழித்தால் பட்டன் புதுசாக இருந்தாலும் டயர் முடிந்தது. எம்-சாண்ட், ஜல்லி ஓட்டுகிறவர்கள் கம்பெனி டயரைக் கழற்றி ஹவுசிங்கில் கட் தாங்கும் லக் டயர் போடுவதும், சிலர் இன்னும் பழைய நைலான் டயரை விடாததும் நியாயமான முடிவுகள். நைலான் சூடேறும், தூர ஓட்டத்துக்கு ஆகாது. ஆனால் குழியிலும் கல்லிலும் மெதுவாக நகரும் வண்டிக்கு அதன் தடித்த சுவர் இன்னும் காவல்தான்.

மாற்று டயர் வாங்குகையில் என்னைக் கவலைப்படுத்திய விஷயம் சுமை எண். டயர் பக்கச்சுவரில் 146/143 என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். ஒற்றையாகப் போட்டால் 3,000 கிலோ, ஜோடியாகப் போட்டால் டயருக்கு 2,725 கிலோ தாங்கும் என்று பொருள். 2018 ஜூலையில் பத்து சக்கர லாரியின் மொத்த எடை வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும், பின் இரட்டை அச்சின் வரம்பு 19 டன்னிலிருந்து 21 டன்னாகவும் உயர்ந்தது. எட்டு டயரை 2,725-ஆல் பெருக்கினால் 21,800 கிலோ. பழைய வரம்பில் 2,800 கிலோ மிச்சம் இருந்த இடத்தில் இப்போது இருப்பது 800 கிலோ. உள் டயரில் காற்று கொஞ்சம் இறங்கினாலே அந்த மிச்சம் போய்விடும். முன்னச்சில் கணக்கு இன்னும் இறுக்கம். உயர்ந்த எடைக்குத் தகுந்த எண்ணுள்ள டயரோடு வந்த வண்டியில், "சைஸ் ஒண்ணுதானே" என்று குறைந்த எண்ணுள்ள மலிவு டயரை ஏற்றியிருந்ததையும் பார்த்தேன். சைஸ் ஒன்றாக இருந்தால் போதாது. கழற்றிய டயரின் எண்ணுக்குக் குறைந்த எதையும் அந்த இடத்தில் ஏற்றக் கூடாது. இது உயிர் சம்பந்தப்பட்டது. கோடைப் பகலில் சேலம் பைபாஸ் ஓரம் கிடக்கும் கிழிந்த ரப்பர் துண்டுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜோடி சேர்ப்பதிலும் அதே அலட்சியம் தெரிகிறது. பஞ்சராகி ஒன்று போனதும் பழசுக்குப் பக்கத்தில் புதுசை மாட்டுகிறார்கள். இரண்டின் விட்டமும் 6 மி.மீ. வித்தியாசப்பட்டால், அதாவது பட்டன் ஆழத்தில் 3 மி.மீ. வித்தியாசம் இருந்தாலே, ஒரு சுற்றுக்கு 19 மி.மீ. கணக்கு உதைக்கும். இந்த வண்டிகளின் டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 300 சுற்று சுற்றுகிறது. ஆக கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல் சின்ன டயர் தரையில் இழுபட வேண்டும், பெரிய டயர் கூடுதல் சுமையைச் சுமக்க வேண்டும். கம்பெனி செட்டில் பத்தும் ஒரே அளவு என்பதால் இந்தத் தொல்லையே இல்லை. அதன் பெரிய பலம் இது என்பேன்.

இன்னொரு பலம் கேசிங், அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கும் டயரின் உடல். கம்பெனி டயரின் வரலாறு முழுவதும் உரிமையாளருக்குத் தெரியும்: எத்தனை பஞ்சர், எப்போது காற்றில்லாமல் ஓடியது, எங்கே வெட்டு வாங்கியது. நல்ல கேசிங்கை ரீட்ரேட் செய்ய, அதாவது அதன்மேல் புதுப் பட்டன் ஒட்ட, புது டயர் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போதும். ஆனால் நம் ஆட்கள் கம்பெனி டயரின்மேல் உள்ள கோபத்தில் அதை மொட்டையாகும்வரை ஓட்டுகிறார்கள். கம்பி தெரிந்துவிட்டால் ரீட்ரேட் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். பட்டன் 3, 4 மி.மீ. இருக்கும்போதே கழற்றிக் கொடுத்தவர்கள் அதே கேசிங்கை டம்மியில் இன்னொரு ஆயுள் ஓட்டுகிறார்கள். கோல்டு முறையில் ஏறத்தாழ 100 டிகிரி சூட்டில் பட்டன் ஒட்டுவதால் கேசிங்குக்கு வலி குறைவு. முன்னச்சில் மட்டும் ரீட்ரேட் டயர் வேண்டவே வேண்டாம். இந்த விஷயத்தில் நான் பேசிய டிரைவர்கள் எல்லாரும் உரிமையாளர்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். "முன்னால வெடிச்சா ஸ்டியரிங் நம்ம கையில இல்லண்ணே" என்றார் ஒரு தம்பி.

வாரன்டி பற்றிச் சுருக்கமாக. வண்டிக் கம்பெனியின் வாரன்டியில் டயர் சேராது. டயர் தயாரித்தவரிடம்தான் போக வேண்டும். தயாரிப்புக் குறை என்று ஒப்புக்கொண்டால் மீதமிருக்கும் பட்டன் ஆழத்துக்கு ஏற்ற தொகை கிடைக்கும். சேஸிஸ் டெலிவரி எடுக்கும் அன்றே ஸ்டெப்னி உட்பட எல்லா டயரின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து வைக்காதவருக்கு அந்த வாரன்டி காகிதத்தோடு நின்றுவிடும்.

மாற்று டயர் வாங்குகிறவருக்கு இன்று சந்தை சாதகமாகவே இருக்கிறது. சீன ரேடியல்கள்மேல் 2017-ல் பொருள்குவிப்புத் தடுப்பு வரி வந்தது, 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கே கட்டுப்பாடு வந்தது. அதன் பிறகு கடைகளில் உள்நாட்டு டயர்தான் நிறைந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் புது டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அந்தக் குறைவு தெரிகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பக்கச்சுவரின் நான்கு இலக்கத் தேதியையும் படியுங்கள்: 2325 என்றால் 2025-ன் 23-வது வாரம். ஜோடிக்கு ஜோடி தேதியும் பட்டன் டிசைனும் ஒன்றாக இருக்கட்டும்.

இந்த மாதம் சேஸிஸ் எடுக்கிறவருக்கு என் பரிந்துரை: நெடுஞ்சாலை ஓட்டம் என்றால் கம்பெனி டயரை மாற்ற நினைக்கவே வேண்டாம். பட்டறையில் வெல்டிங் நடக்கும்போது டயர்மேல் ஈரச்சாக்கு போடச் சொல்லுங்கள். பாடி முடிந்ததும் அலைன்மென்ட், முதல் லோடு இறக்கியதும் மறுபடி ஒருமுறை. உள் டயரின் காற்றைக் கம்பியால் தட்டிப் பார்க்காமல் மீட்டர் வைத்துப் பாருங்கள், தட்டினால் முழுதாக இறங்கியது மட்டும்தான் தெரியும். குவாரி ஓட்டம் என்றால் ஹவுசிங் நான்கையும் புதுசாக இருக்கும்போதே கழற்றி லக் டயர் போடுங்கள். கழற்றிய நான்கையும் விற்க வேண்டாம். டம்மியில் இருப்பவை தேய்ந்ததும், அதே சைஸ், அதே டிசைன், அதே சுமை எண்ணோடு அந்த நான்கும் அங்கே ஏறும்.